பட்டியலில் இல்லாதது

தாது வருஷப் பஞ்சம் கழிந்து ஏழாவது ஆடி.
பாம்பன் துறைமுகத்துப் பென்ரோஸ் துரைக்கு
மாற்றல் வந்தது.
கச்சான் மணலை வாரிக் கொட்டிய ஒரு காலையில்
பங்களாச் சாமான் அத்தனையும்
வாசலில் வந்து நின்றன, கூச்சத்தோடு.
ஏலப் பட்டியல் எழுதியவன் நான்.

பாதிச் சாமானுக்குத் தமிழில் பேர் இல்லை.
‘முகம் கழுவும் மேசை, சலவைக்கல் பதித்தது,
மூலை உடைசல்’ என்று எழுதினேன்.
‘குளிக்கிற தொட்டி, சிங்கக்கால் மூன்று.’
நாலாவது எங்கே என்று துரைசானிக்கும் தெரியவில்லை.
‘ஆளுயரக் கண்ணாடி’: உப்புக்காற்று ரசத்தைத் தின்றுவிட்டதால்
அதில் துரையே பாதிதான் தெரிவார்.
கடைசி வரியில்,
‘தையல் யந்திரம், கையால் சுற்றுவது,
கறுப்பு, பொன்பூ போட்டது. ஒன்று.’

தொட்டியை மீரா நைனா மரைக்காயர் எடுத்தார்,
சங்கு அலச.
மூன்று சிங்கமும் ஒரு செங்கல்லுமாக
இன்றைக்கும் அது கரையில் நாறிக்கொண்டிருக்கிறது.
துணி அலமாரி வேதாளைச் சம்மாட்டிக்குப் போனது.
தோணியில் நின்றபடியே போயிற்று,
அலைக்கு அலை கதவைத் திறந்து மூடி,
யாரையோ உள்ளே கூப்பிடுவதுபோல.

யந்திரத்தை யாரும் கேட்கவில்லை.
கேழ்வரகு அரைக்குமா என்றார் ஒருவர்.
‘பத்து ரூபாய்.’
சுக்கான் பிடிக்கிற மிக்கேலின் பெண்சாதி
இஞ்ஞாசியம்மாள்.
முந்தானை முடிச்சிலிருந்து
ராணியின் தலையை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.
ஒன்றை நான் சுண்டிப் பார்த்தேன்.
கணீரென்றது.
சுண்டிய என் விரலை அவள் பார்த்தாள்.

யந்திரத்தின் இழுப்பறையில் ஒரு தகர டப்பா இருந்தது.
திறந்தால் ஊசிகள், எண்ணெய்த்தாள் சுற்றி.
பட்டியலில் இல்லை.
பட்டியலில் இல்லாதது உலகத்தில் இல்லை
என்பது என் உத்தியோகம் கற்றுத்தந்த வேதாந்தம்.
கோட்டுப் பைக்குள் விழுந்தது,
மூக்குப்பொடி மட்டைக்குப் பக்கத்தில்.

முதல் வாரமே மிக்கேல் பாய்த்துணியை ஓட்டிப் பார்த்து
யந்திரத்தில் இருந்த ஊசியை முறித்தான்.
‘கொழும்பிலிருந்து ஊசி தருவிக்க முடியுமாய்யா?’
‘முடியும். மூன்று வாரமாகும். இரண்டணா.’
மூன்று வாரமும் நான் பொறுத்திருப்பேன்.
பொய்யானாலும்
கடல் தாண்டி வர அதற்கு நேரம் வேண்டுமே.

நாலு வருஷம்.
லஸ்கர்களுக்குக் கால்சட்டை,
முத்து வியாபாரிக்குச் சுருக்குப்பை,
திருநாளுக்கு மாதா கொடி,
புது துரையின் நாற்காலிக்கு உறை,
எல்லாம் அந்தச் சக்கரத்தில்தான் சுற்றி வந்தன.
ஊசி முறியும். வருவாள்.
கப்பல் வரும், என் பையிலிருந்து.

போன புரட்டாசியில் கோட்டுப் பை கிழிந்தது.
வேறு யாரிடம் கொடுக்க?
காலி செய்துதான் கொடுத்தேன்.
மறுநாளே தைத்துக்கொண்டு வந்தாள்.
தையல் நேராக இருந்தது, கணக்குப் புத்தகக் கோடுபோல.

அப்புறம் மேசையில் ஒரு துணியை விரித்தாள்.
முறிந்த ஊசிகள்.
ஒன்றைத் தனியே நகர்த்தி,
‘இது யந்திரத்தோடு வந்தது’ என்றாள்.
‘கப்பலேறும்போது துரைசானி என்னைப் பார்த்து
பத்து விரல் காட்டினா, பிறகு ரெண்டு.
பிள்ளைங்க கணக்காக்கும்னு
இவ்வளவு நாள் நெனச்சிருந்தேன்.’

மீதியை நான் எண்ணவில்லை.

‘கொழும்புக்காரங்களும் பொடி போடுவாங்க போல.
ஒவ்வொரு ஊசியிலயும் வாசம்.
இந்தப் பையிலயும் அதே வாசம்.’

ஒன்றரை ரூபாயைப் பற்றி அவள் பேசவில்லை.
பேசியிருந்தால் பட்டியலைக் காட்டியிருப்பேன்.
ஒரு எழுத்துக்கூட அதில் தப்பில்லை.

‘டப்பா சும்மாதானே கெடக்கு’ என்றாள்,
‘குடுங்க. பொத்தான் போட்டுவைக்க ஆகும்.’